விடியற்காலத்துக் கை

எங்கள் டிஸ்பென்சரி காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். டாக்டர் இக்னேஷியஸ் மாதா கோயிலில் பூசை கண்டு, நடக்க முடியாத உள்ளூர் நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிவிடும். முன்னாலேயே திறக்கலாமே என்று நான் அவரிடம் பல தடவை முனகியிருக்கிறேன். அது நோயாளிகள் மேல் கொண்ட கரிசனம் இல்லை. வெயில் ஏறிவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே நின்று மருந்து கலக்க எனக்கு எரிச்சலாக இருக்கும், அதற்காகத்தான்.

என் பெயர் வேதமுத்து. கரையான்சாவடி ரோட்டின் மேலிருந்த அந்த டிஸ்பென்சரியில் பதினேழு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். சிடுமூஞ்சி என்று நாலு ஊரிலும் பேர் எடுத்தவன். புட்டி கழுவாமல் கொண்டுவந்தால் திட்டுவேன், வரிசையில் முந்தினால் திட்டுவேன். இந்தக் கதையில் நான் யாரையும் திட்டியிருக்க வேண்டியதில்லை. என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் ஜார்ஜ் ராஜா செத்துப்போன வருஷம், 1936, மாசி மாசம். பதினோரு மணி இருக்கும். இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த பெரியவள் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி நடந்தாள். பின்னால் வந்தவளுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், நல்ல உயரம், முந்தானையால் இரண்டு கைகளையும் மூடியிருந்தாள். விந்தி வந்தவள்தான் நோயாளி என்று நினைத்து நான் அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.

"எனுக்கு இல்லப்பா. இதோ இவுளுக்குத்தான்," என்று அவள் மருமகளை முன்னால் தள்ளினாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "அய்யா, நான் முத்தம்மா. அயனம்பாக்கத்துலருந்து வர்றோம். ஏரிக்குக் கீழண்ட எங்க மல்லித் தோட்டம் கீது. இவ என் மருமவ தாட்சாயிணி. விடியக்கால எழுப்பினா கை விரியல, கால் ஊனமுடியலன்னு படுத்துகினு கீறா. வெயில் ஏறினா எழுந்து சோறு ஆக்கறா, தண்ணி மொள்றா, அல்லாம் பண்றா. பூ பறிக்கிற நேரத்துக்கு மட்டும் வந்து போற வலி இன்னா வலின்னு நீயே பாத்து சொல்லு."

மல்லிகை பறிப்பதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மொட்டு விரியாமல் இருக்கும்போதே, இருட்டு பிரியும் நேரத்தில் செடிக்குள் இறங்கிவிட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளக் கிள்ள மடி நிறையும். பறித்ததை ஈரத் துணியில் சுற்றி மூங்கில் கூடையில் வைத்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஓட்டமாக ஓடி ரயிலில் ஏற்ற வேண்டும். வெயில் பட்டு மொட்டு வாய் திறந்துவிட்டால் பட்டணத்தில் அதை யாரும் தொடமாட்டார்கள். ஆக, அந்த வீட்டில் ஒரு ஆளின் மதிப்பு விடியற்காலத்து இரண்டு மணி நேரத்தில்தான் இருந்தது. பகலெல்லாம் மாடாக உழைத்தாலும் அது கணக்கில் சேராது.

டாக்டர் தாட்சாயிணியின் கைகளைப் பார்த்தார். மடக்கு என்றார், மடக்கினாள். நீட்டு என்றார், நீட்டினாள். கணுக்கள் கொஞ்சம் உப்பியிருந்தன. வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். மணிக்கட்டில் மட்டும் காசு அளவுக்கு மூன்று தழும்புகள் இருந்தன.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"நான் வச்ச சூடுதான்யா," என்றாள் முத்தம்மாள். மறைக்கவில்லை. "மொத வருசம் நானும் நோவுன்னுதான் நெனைச்சேன். கொழந்த பொறந்து நாலு மாசத்துல ஆரம்பிச்சிது. முடக்கத்தான் கீர அரைச்சி தெனம் அடை சுட்டுக் குடுத்தேன். நொச்சித் தழைய வதக்கி ஒத்தடம் குடுத்தேன். வேப்பெண்ண தேச்சேன். கேக்கலன்னு சூடும் வச்சேன். அப்பொறம்தான் பாத்தேன், பத்து மணிக்கு மேல நல்லா கீறா. நோவுன்னா நாளெல்லாம் நோவாதா?"

டாக்டர் சீட்டு எழுதினார். நோய் ஒன்றுமில்லை, உடல் பலவீனம், நல்ல ஆகாரமும் ஓய்வும் வேண்டும் என்று தமிழிலேயே எழுதினார். முத்தம்மாள் அதை நான் மருந்து கொடுக்கும் ஜன்னலண்டை கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொன்னாள். முதல் இரண்டு வார்த்தையோடு அவள் காது நின்றுவிட்டது.

"ஒண்ணும் இல்லன்னு எழுதிகீது இல்ல? அதான் நானும் சொல்லிகினு கீறேன். யேம்பா கம்பவுண்டரு, எனுக்கும்தான் முட்டி நோவுது. விடியக்கால எழுந்தா நல்லா கீறேன். பறிச்சி முடிச்சி பொழுது சாயறதுக்குள்ள உயிர் போவுது. வேல செஞ்சா நோவும், படுத்தா அடங்கும். அதானே வலி? இவுளுக்கு மட்டும் படுத்தா நோவுது, வேல செஞ்சா போயிடுது. இப்பிடி ஒரு வலிய நீ கண்டிருக்கியா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. தாட்சாயிணி முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். நான் நீட்டிய டானிக் புட்டியை விரலால் பிடிக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்து வாங்கிக்கொண்டு போனாள். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பங்குனி பாதியில் அவள் தனியாக வந்தாள். கூட்டம் கலையும்வரை வெளியே நின்றிருந்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணாத்தே, டாக்டரய்யா என் கைய விடியக்கால பாக்கணும்."

"ஏன், பகல்ல பார்த்தா கை கோச்சிக்குமா?" என்றேன். அன்றைக்கு நாற்பது புட்டி கலக்கி முடித்திருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. "நாலு மைலு நடந்து வர்றேன் இல்ல, அதுக்குள்ள எளகிப் பூடுது. உன் எதிர்ல வந்து நிக்கும்போது நான் நல்லாத்தான் கீறேன். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? எழும்போது என் கை என்னுதா இல்லண்ணாத்தே. புடவக் கொசுவம் சொருக முடியல. கொழந்த ராணி அழுதா தூக்க முடியல. பல்லு வெளக்க எங்க ஊட்டுக்காரரு தண்ணி ஊத்தணும். ஊர்ல இன்னா பேரு வச்சிகீறாங்க தெரியுமா? பத்து மணி மருமவன்னு."

"உன் வீட்டுக்காரன் என்ன சொல்றான்?"

"அவுரு நம்பறாரு. அவுரு நம்பி இன்னா? அவுங்க அம்மா சித்திர முடியறவரைக்கும் பாப்பாங்களாம். அதுக்குள்ள நான் பூவுக்கு எறங்கலன்னா திருமழிசையில எங்கண்ணன் ஊட்டுல கொண்டு உட்டுருவாங்களாம். ராணி இங்கதான் இருக்கணுமாம்." கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியையே பார்த்தாள். "நான் சோம்பேறி இல்லன்னு ஒருத்தரு சொன்னா போதும். டாக்டரு சொன்னா அவுங்க கேப்பாங்க."

அப்போதுதான் எனக்கு அந்தப் புட்டி ஞாபகம் வந்தது. மறுபடி ஒரு புட்டியை வேண்டுமென்றே நீட்டினேன். அதே மாதிரி, இரண்டு உள்ளங்கையால் வாங்கினாள். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

டாக்டரிடம் சண்டை பிடித்து, சித்திரை பிறந்து வரும் வியாழக்கிழமை ஆறரை மணிக்கு டிஸ்பென்சரிக்கு வர ஒப்புக்கொள்ள வைத்தேன். அவளிடம் சொல்லியனுப்பினேன்: நடந்து வராதே, வண்டியில் வா. எழுந்ததும் கையை ஆட்டாதே. வெந்நீர் தொடாதே, அடுப்பண்டை போகாதே. எப்படி எழுந்தாயோ அப்படியே வந்து சேர்.

வியாழக்கிழமை விடிந்ததும் வண்டி வந்தது. அவள் புருஷன் மணவாளன் ஓட்டி வந்தான். ஒடிசலான ஆள், அதிகம் பேசமாட்டான். முத்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பூ பறிப்பைக் கூலிக்காரர்களிடம் விட்டுவிட்டு வந்த கடுப்பு அவள் முகத்தில் இருந்தது. தாட்சாயிணி வைக்கோல் மேல் படுத்திருந்தாள். தோளிலிருந்து விரல் நுனிவரை இரண்டு கைகளையும் ஈரத் துணியால் சுற்றியிருந்தது. முட்டிகளிலும் சுற்றியிருந்தது. துணியில் மல்லி வாசனை.

"இது என்னடா கூத்து?" என்றேன் மணவாளனிடம்.

அவன் தலையைச் சொறிந்தான். "பூவுக்குச் சுத்தற துணிண்ணாத்தே. ஈரத்துல சுத்தினா மொட்டு விரியாது இல்ல. அதே மாதிரி இவ விரலும் வர்ற வழியில விரியாம இருக்கும்னு நான்தான் சுத்தினேன். வழியில ரெண்டு வாட்டி தண்ணி தெளிச்சேன்."

பாவி. வலியில் இருக்கும் மூட்டில் குளிர்ந்த ஈரத்தைக் கட்டி நாலு மைல் கொண்டுவந்திருக்கிறான். அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது, பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "விரியலண்ணாத்தே," என்றாள். "அப்படியே கீது. பாரு." பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சொன்னாள்.

நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தூக்கிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தோம். டாக்டர் துணியைப் பிரித்தார். விரல்கள் பாதி மூடிய நிலையில் நின்றிருந்தன. கணுக்கள் சிவந்து பளபளத்தன. வலது கையில் எங்கெங்கே வீக்கமோ, அதே இடங்களில் இடது கையிலும். டாக்டர் ஒரு விரலை லேசாக நிமிர்த்தப் பார்த்தார். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் மணவாளன் எழுந்து வெளியே போய்விட்டான்.

டாக்டர் அந்தக் கையை மெதுவாக அவள் மடியில் வைத்தார். பிறகு முத்தம்மாளைப் பார்த்துத்தான் பேசினார்.

"அம்மா, அன்னைக்கு நான் தப்பாப் பாத்துட்டேன். மூட்டுவலின்னா எல்லாம் ஒண்ணு இல்ல. உங்க முட்டியில வர்றது தேய்மானம். உழைச்சு உழைச்சுத் தேயறது. அது வேலை செஞ்சா வலிக்கும், படுத்தா அடங்கும். இவளுக்கு வந்திருக்கறது வேற. மூட்டுக்குள்ள ஒரு சவ்வு இருக்கு. அது புண்ணு மாதிரி வீங்குது. படுத்தா இறுகும், ஆட ஆட இளகும். சின்ன வயசுல வரும், பிள்ளை பெத்த உடம்புல அதிகமா வரும். ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வரும். இவ சொன்னது அத்தனையும் நிஜம்."

"அப்போ இவ வேணும்னு பண்ணலையா?" என்றாள் முத்தம்மாள்.

"இல்ல. இந்தக் கையோட பகல்ல சோறாக்கினதே பெரிசு."

முத்தம்மாள் எழுந்தாள். மருமகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. மூடிய இரண்டு கைகளையும் தன் கைக்குள் எடுத்து வாயால் ஊதி ஊதிச் சூடேற்றினாள். "நெருப்ப வச்சேனே," என்றாள். "என் கையால வச்சேனேடி. நீ வாயத் தொறந்து கத்தியிருந்தா ஆவாதா?" அழுகையில் அவள் மூக்கு ஒழுகியது. தாட்சாயிணியும் அழுதாள். ஆனால் அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த தெளிவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

டாக்டர் வைத்தியம் சொன்னார். விடியற்காலம் எழுந்ததும் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை ஊறவைக்க வேண்டும். வீக்கம் அதிகமான நாளில் ஓய்வு, குறைந்த நாளில் விரல்களை மெல்ல மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும். சும்மாவே வைத்தால் கோணிக்கொள்ளும். சூடு, கட்டு எதுவும் கூடாது. எண்ணெய் தேய்ப்பதும் கீரை தின்பதும் அவரவர் இஷ்டம், கெடுதல் இல்லை. வலியை அடக்கும் சாலிசிலேட் மிக்சர் மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு. மருந்து மிஞ்சிக் காதில் வண்டு கத்தினால் நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் தங்க உப்பில் செய்த மருந்தை ஊசியாகப் போடுகிறார்களாம். அது சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அதை அப்புறம் யோசிக்கலாம் என்றார்.

வண்டி திரும்பிப் போகும்போது தாட்சாயிணி உட்கார்ந்துகொண்டு போனாள். மாமியார் தன் முந்தானையை அவள் கைகளுக்குப் போர்த்தியிருந்தாள். நான் சாயங்காலம்வரை யாரையும் திட்டவில்லை. ஒரு பெண்ணின் குடித்தனத்தை நிமிர்த்திவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

வைகாசியில் மணவாளன் மருந்து வாங்க வந்தபோதெல்லாம் நல்ல சேதிதான். முத்தம்மாளே எழுந்து வெந்நீர் போடுகிறாளாம். ஒன்பது மணிக்கெல்லாம் விரல் இளகிவிடுகிறதாம். பத்து மணி மருமவ என்று வாய்க்கால் துறையில் எவளோ சொல்ல, முத்தம்மாள் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாளாம். திருமழிசைப் பேச்சே இல்லை.

ஆனி மாசம் முத்தம்மாள் தனியாக வந்தாள். டாக்டர் வெளியே போயிருந்தார். புட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றாள்.

"கம்பவுண்டரு, ஒண்ணு கேட்டா ஒளிக்காம சொல்லணும். இது எப்போ தீரும்?"

என்ன சொல்வது என்று நான் யோசித்திருக்க வேண்டும். நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்காட்டும் புத்தி இருக்கிறதே. "தீர்ற வியாதி இல்லம்மா," என்றேன். "அடக்கி வைக்கலாம். சில மாசம் நல்லா இருக்கும், திரும்பி வரும்."

"விடியக்கால பூவுக்கு எறங்குவாளா?"

"அது முடியாது."

"இன்னொரு கொழந்த?"

"பெத்துக்கலாம். பெத்த பிறகு அதிகமாகும்னு டாக்டர் சொல்றார். தூக்கி வளர்க்க வேற ஆள் வேணும்."

அவள் தலையை ஆட்டினாள். கோபமில்லை, அழுகையில்லை. அதுவரை மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் முகத்தில், ஒரு கணக்கு முடிந்துபோன அமைதி வந்துவிட்டது. "சோம்பேறின்னு நெனைச்சிகினு இருந்தப்போ, திட்டினா ஒரு நாளு திருந்திருவான்னு இருந்துச்சிப்பா," என்றாள். "இப்போ யார திட்றது? எனுக்கும் முட்டி போச்சி. இன்னும் எத்தினி பூ நான் பறிப்பேன்? மணவாளன் ஒண்டியா இன்னா பண்ணுவான்?" புட்டியை வாங்கிக்கொண்டு விந்தி விந்திப் போனாள்.

அடுத்த தடவை மருந்துக்கு மணவாளன் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். அம்மாவின் தம்பி மகள் வடிவு பறிப்பு ஒத்தாசைக்கு வந்திருக்கிறாளாம். ஆவணியில் அவளையே தனக்குக் கட்டிவைக்கப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். "நோவுன்னு டாக்டரே சொல்லிட்டதால ஊர்ல ஒருத்தரும் தப்பா பேசல. தாட்சாயிணி அண்ணனும் ஒத்துகினாரு. அவுளும் இங்கதான் இருப்பாண்ணாத்தே. கைவிட மாட்டேன். மருந்து வாங்கிக் குடுத்துகினுதான் இருப்பேன்."

நான் அவனைப் பார்த்துக் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். அந்த ஈரத் துணியைச் சுற்றினவன்தான் அவனும். அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குக் கத்த வரவில்லை.

ஆடிக் கடைசியில் ஒருநாள், பதினோரு மணிக்கு, தாட்சாயிணி நடந்தே வந்தாள். தலை வாரி, திருத்தமாகப் புடவை கட்டியிருந்தாள். ஜன்னலுக்கு வரவில்லை, நேராக டாக்டரின் மேஜைக்குப் போனாள். கைகளை நீட்டினாள். மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள்.

"பாருங்கய்யா. நல்லா விரியுது. எனுக்கு ஒண்ணும் இல்ல."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு நான் டாக்டர் அறையின் வாசற்படியில் வந்து நின்றேன்.

அவள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். நாலாக மடித்து, மஞ்சள் கறை பட்டிருந்தது. மாசி மாசத்தில் அவர் எழுதிக்கொடுத்த அதே சீட்டு. "அன்னைக்கு எழுதினீங்களே, நோய் ஒண்ணும் இல்லன்னு. அதே மாரி இன்னொண்ணு எழுதிக் குடுங்க. நடுவுல பாத்ததுதான் தப்பாப் போச்சின்னு எழுதிருங்க. அவுங்க என்னை சோம்பேறின்னே சொல்லட்டும். பத்து மணின்னே கூப்புடட்டும். நான் கேட்டுகினு இருப்பேன்."

டாக்டர் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னெல்லாம் விடியக்கால அத்த திட்டிகினே எழுப்புவாங்கய்யா," என்றாள். "தட்டுவாங்க, தண்ணி தெளிப்பாங்க. எனுக்கு ஆத்தரமா வரும். இப்போ அல்லாரும் மெதுவா எழுந்து சத்தம் இல்லாம தோட்டத்துக்குப் போறாங்க. நான் முழிச்சிகினுதான் கீறேன். என்னை ஒருத்தரும் எழுப்பறதில்ல. ராணிய வடிவு இடுப்புல வச்சிகினு போவுது."

டாக்டர் பேனாவை எடுத்தார். அவர் பொய் எழுதி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எழுதினால் நல்லது என்று ஜெபம் பண்ணினேன். பேனா வெகுநேரம் தாள் மேல் நின்றது. பிறகு அதை மூடி வைத்தார்.

"எழுதலாம்மா. யார் நம்புவாங்க?" என்றார். "உன் மாமியார் கண்ணால பாத்துட்டாங்களே."

"நானேதான் காட்டினேன்," என்றாள் அவள். சீட்டை மறுபடி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் மிக்சர் புட்டியை நிரப்பிக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் உள்ளங்கையால் வாங்கவில்லை. விரல்களால் கழுத்தைப் பிடித்து வாங்கினாள். கட்டைவிரல் கணு வெளுத்து நடுங்கியது. "பாத்தியாண்ணாத்தே," என்றாள். நான் பார்த்தேன் என்றேன். அப்படியே பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ரோட்டில் வேலப்பன்சாவடிப் பக்கமாக நடந்தாள். கட்டைவண்டி வரிசையைத் தாண்டியதும், இனி எங்கள் கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாள். நின்று, புட்டியை மெதுவாக இரண்டு உள்ளங்கைக்கும் மாற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

ஆவணிக்குப் பிறகு மருந்து வாங்க வடிவுதான் வந்துகொண்டிருந்தாள். நல்ல பெண். கிள்ளிக் கிள்ளிப் பச்சைக் கறை ஏறிய இரண்டு விரலால் புட்டியை வாங்கிக்கொண்டு போவாள். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன்.

"பூவுக்கு எறங்கும்போது பாத்தேன், தூங்கிகினு இருந்துச்சி," என்பாள்.